காமாக் கதிர் அளவீட்டைத் தமிழில் எழுதுதல்: ஓசூர், கிருஷ்ணகிரி வட்டாரத்தை முன்வைத்து ஒரு திறனாய்வு

திறவுச்சொற்கள்: அறிவியல் தமிழ், கலைச்சொல், ஆகுபெயர், அணுக்கரு, கிளர்நிலை, காமா உமிழ்வு, பொட்டாசியம்-40, கருங்கல், அளவீட்டு ஐயப்பாடு

முன்னுரை

அறிவியல் தமிழைப் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் கலைச்சொற்களின் வரலாற்றோடு நின்றுவிடுகின்றன. எந்தச் சொல்லை யார் முதலில் ஆண்டார், வடசொல்லா தென்சொல்லா, ஒலிபெயர்ப்பா மொழிபெயர்ப்பா என்னும் வினாக்களே அவற்றில் முன்னிற்கின்றன. ஒரு துறையின் சொற்கள் முழுவதும் தமிழான பின்னும் அத்துறையின் செய்தி தமிழில் வந்து சேராமல் போகக்கூடும் என்பதை அவை அரிதாகவே கருதுகின்றன. கிளர்ச்சியுற்ற அணுக்கருவிலிருந்து வெளிப்படும் காமாக் கதிரை அளத்தல் அத்தகைய ஒரு துறை. அணுக்கரு, கதிர், உமிழ்வு, அரை ஆயுட்காலம் எனச் சொற்கள் யாவும் பள்ளி மாணவர்க்கே பழகியவை. எனினும் அளவீட்டு அறிக்கை ஒன்று தமிழில் எழுதப்பட்டால் அதைப் படிப்பவர் எது அளக்கப்பட்டது, எது உய்த்துணரப்பட்டது என்று பிரித்தறிய இயலுமா என்பது தனி வினா.

இவ்வினாவை எழுப்புவதற்கு ஓசூர், கிருஷ்ணகிரி வட்டாரம் பொருத்தமான களமாகும். கருநாடக எல்லையை ஒட்டிய இப்பகுதியில் கருங்கல் குவாரிகளும், வார்ப்படத் தொழிலும், எந்திரப் பட்டறைகளும், நகைத் தொழிற்சாலையும் அருகருகே உள்ளன. கல்லில் இயற்கையாகக் காமாக் கதிர் உண்டு. வார்ப்படத்தின் உள்விரிசலைக் காணக் காமாக் கதிரைத் தொழில் பயன்படுத்துகிறது. நகையின் மாற்றறியும் கருவி காமாக் கதிருக்கு நெருங்கிய உறவான எக்ஸ் கதிரைக் கொண்டு இயங்குகிறது. தமிழ், கன்னடம், தெலுங்கு, உருது, இந்தி எனப் பல மொழியினர் ஒரே தளத்தில் வேலை செய்யும் இடமும் இதுவே.

இன்னொரு தொடர்பும் உண்டு. ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் 1878இல் பிறந்த இராஜாஜி, 1916இல் சேலத்தில் வெங்கடசுப்பையருடன் சேர்ந்து தமிழ்ச் சாஸ்திர பரிபாஷைச் சங்கத்தைத் தொடங்கியவர். அறிவியல் சொற்களைத் தமிழில் ஆக்குவதற்கென்றே அமைந்த தொடக்ககால முயற்சிகளுள் அது ஒன்று. பின்னாளில் 'திண்ணை ரசாயனம்' என்னும் நூலையும் அவர் எழுதினார். சங்கம் சொல்லைத் தேடியது. நூல் திண்ணையைத் தேடியது. இவ்விரண்டு பணிகளுக்கும் இடையிலுள்ள தொலைவு இன்றும் குறையவில்லை.

கிளர்தல், உமிழ்தல், சிதைதல்

ஆல்பா அல்லது பீட்டாத் துகளை வெளியிட்டபின் சேய் அணுக்கரு பெரும்பாலும் மிகை ஆற்றலோடு நிற்கிறது. அம்மிகை ஆற்றலை அது காமா ஒளித்துகளாக வெளியிட்டு அடிநிலைக்கு இறங்குகிறது. இந்நிகழ்வில் நிறை எண்ணும் மாறுவதில்லை, அணு எண்ணும் மாறுவதில்லை. முன்பு எந்தத் தனிமமோ பின்பும் அதே தனிமம்.

இதைக் குறிக்கத் தமிழில் 'காமா உமிழ்வு', 'காமாச் சிதைவு' என இரு தொடர்கள் வழங்குகின்றன. ஆல்பாச் சிதைவு, பீட்டாச் சிதைவு என்பவற்றோடு வரிசை ஒப்புமை கருதி மூன்றாவதையும் சிதைவு என்றனர் போலும். ஆங்கிலத்திலும் இந்த ஒப்புமை வழக்கு உண்டு. ஆனால் தமிழில் 'சிதைதல்' என்னும் வினை உருவழிதலைச் சுட்டும். சிதைந்த கோயில் பழைய கோயிலாக எஞ்சுவதில்லை. காமா உமிழ்ந்த அணுக்கருவோ தன் அடையாளத்தை இழப்பதில்லை, அமைதியடைகிறது, அவ்வளவே. ஆகவே 'உமிழ்வு' என்பதே பொருந்தும் சொல். இரண்டும் ஒரே பக்கத்தில் மாறி மாறி வரும்போது, காமா வெளியீட்டிலும் தனிமம் மாறுகிறது என்று மாணவர் கொள்வதற்கு இடமாகிறது.

'கிளர்ச்சி' என்னும் சொல்லைப் பற்றி மாறான கருத்துச் சிலர்க்கு உண்டு. போராட்டத்தையும் அது குறிக்கிறது என்பது அவர்தம் குறை. இக்குறை வலுவற்றது. கிளர்தல் என்பதற்கு மேலெழுதல், ஒளிர்தல், மிகுதல் என்பன பழம்பொருள்கள். ஆற்றல் படிநிலையில் மேலெழுந்து, பின் ஒளித்துகளை விட்டு இறங்கும் ஓர் அணுக்கருவுக்கு இதனினும் இயைந்த சொல் கிடைப்பது அரிது. இந்தியாவில் அணுக்கருவின் கிளர்நிலைகளை ஆராயவே இந்திய தேசியக் காமா வரிசை என்னும் கருவித் தொகுதி அமைந்துள்ளது. மும்பை, தில்லி, கொல்கத்தா ஆகிய மூன்று முடுக்கி மையங்களுக்கும் மாறி மாறிச் செல்லும் அத்தொகுதி 24 'குளோவர்' வகை ஜெர்மானியக் கருவிகளைக் கொண்டு அமைவது. ஓர் அணுக்கரு எந்தெந்தப் படிகளில் இறங்கியது என்பதை அங்கு உமிழப்பட்ட கதிர்களின் ஆற்றலிலிருந்து பின்னோக்கிக் கட்டி எழுப்புகின்றனர். கிளர்நிலையை யாரும் நேரில் காண்பதில்லை; அது இறங்கிய சுவடே காணக்கிடைப்பது.

தாயின் பெயரில் சேயின் கதிர்

சொல்லின் வடிவத்தைக் காட்டிலும் அதன் உடைமைப் பொருளில்தான் பெருங்குழப்பம் நேர்கிறது. 'கோபால்ட்-60 வெளியிடும் காமாக் கதிர்' என்று எல்லா நூல்களும் எழுதுகின்றன. கோபால்ட்-60 பீட்டாத் துகளை வெளியிட்டு நிக்கல்-60 ஆகிறது. அந்நிக்கல் அணுக்கரு கிளர்நிலையில் பிறக்கிறது. 1173, 1332 கிலோ எலக்ட்ரான்வோல்ட் ஆற்றலுடைய இரு காமாக் கதிர்களை அடுத்தடுத்து உமிழ்வது அதுவே. சீசியம்-137க்கு உரியதாகச் சொல்லப்படும் 662 கிலோ எலக்ட்ரான்வோல்ட் கதிரும் அவ்வாறே பேரியம்-137இன் கிளர்நிலை உமிழ்வது. கதிர் சேயினுடையது, பெயர் தாயினுடையது.

தமிழ் இலக்கணம் கற்றவர்க்கு இது புதிய நிகழ்ச்சியன்று. ஒன்றன் இயற்பெயர் அதனோடு தொடர்புடைய பிறிதொன்றுக்குத் தொன்றுதொட்டு ஆகிவருவது ஆகுபெயர். தொல்காப்பியம் வேற்றுமை மயங்கியலில் இதனைப் பேசுகிறது, நன்னூல் வகைப்படுத்துகிறது. ஆகுபெயரில் கேட்போர் மயங்குவதில்லை. ஏனெனில் தொடர்பு முன்பே அறியப்பட்டது. ஊர் சிரித்தது என்றால் சிரித்தவர் யார் என்பது யாவருக்கும் தெரியும். கோபால்ட் கதிர் என்பதில் அத்தொடர்பு அறியப்படாதது. எனவே ஆகுபெயர் இயற்பெயராகவே கொள்ளப்படுகிறது.

தோரியத்தின் நிலை இன்னும் அடுக்கானது. பாறையில் தோரியம் எவ்வளவு உள்ளது என்று காண விரும்புவோர் தோரியம்-232இன் கதிரை அளப்பதில்லை. அதன் சங்கிலித் தொடரின் கடைப்பகுதியில் வரும் தாலியம்-208க்குரிய 2614 கிலோ எலக்ட்ரான்வோல்ட் கோட்டை அளக்கின்றனர். அக்கோட்டையும் உமிழ்வது தாலியமன்று. தாலியம் பீட்டாச் சிதைவுற்றுக் கிளர்நிலையில் பிறக்கும் ஈயம்-208. ஈயம் உமிழ்ந்த கதிர் தாலியத்தின் பெயர் பெற்று, பின் தோரியத்தின் கணக்கில் எழுதப்படுகிறது. 'கார் அறுத்தான்' என்னும் தொடரில் கருநிறத்தின் பெயர் முகிலுக்காகி, முகிலின் பெயர் பருவத்துக்காகி, பருவத்தின் பெயர் பயிருக்காவதை மும்மடியாகுபெயர் என்பர் இலக்கணிகள். தோரியக் கோடு அந்த வகையைச் சேர்ந்தது. யுரேனியத்தின் பெயரில் எழுதப்படும் 609 கிலோ எலக்ட்ரான்வோல்ட் கோடும் பிஸ்மத்-214இன் பெயரால் வழங்கிப் பொலோனியம்-214இல் பிறப்பது.

இதை வெறும் பெயர்ச் சிக்கலாக ஒதுக்கிவிட இயலாது. தாயின் பெயரைச் சேயின் கதிருக்குத் தருவது ஒரு நிபந்தனைக்கு உட்பட்டது. சங்கிலியின் எல்லாக் கண்ணிகளும் ஒரே வேகத்தில் சிதைந்துகொண்டிருக்க வேண்டும். யுரேனியச் சங்கிலியின் இடையில் ரேடான்-222 என்னும் வளிமம் உள்ளது. கல்லைப் பொடித்தால் அது தப்பிவிடும். தப்பினால் பின்வரும் பிஸ்மத்தின் அளவு குறையும். பிஸ்மத் குறைந்தால் ரேடியமும் யுரேனியமும் குறைவாக உள்ளனவென்று அறிக்கை பொய்க்கும். ரேடான்-222இன் அரை ஆயுட்காலம் 3.82 நாள். எனவேதான் பொடித்த மாதிரியைக் காற்றுப் புகாத கொள்கலனில் அடைத்து, ஏழு அரை ஆயுட்காலம், அதாவது ஏறத்தாழ நான்கு வாரம் காத்திருந்து அளக்கின்றனர். ஆய்வுக் கட்டுரைகளில் இக்காத்திருப்பு ஒரு வரியில் முடிந்துவிடும். தமிழ்ச் சுருக்கங்களில் அவ்வரி முதலில் விடுபடும். அது விடுபட்டால் எஞ்சுவது எண் மட்டுமே. எண்ணின் உரிமைக்குச் சான்றாக நின்றது அந்த நான்கு வாரந்தான்.

தொழிற்களத்தில் இதே மயக்கம் வேறு வடிவம் கொள்கிறது. ஓசூர் எந்திரப் பட்டறைகளில் கோபால்ட் என்பது பழகிய சொல். கடினமான எஃகைத் துளைக்கும் கோபால்ட் டிரில், கார்பைடு வெட்டுமுனைகளைப் பிணைக்கும் உலோகம் எனப் பணியாளர் நாள்தோறும் கையாளுவது அது. அவர் கையிலுள்ளது கோபால்ட்-59. நிலையானது, கதிர் எதையும் வெளியிடாதது. 'கோபால்ட் கதிர் ஆபத்தானது' என்னும் எச்சரிக்கையைக் கேட்கும் அப்பணியாளர் இரண்டிலொரு தவறான முடிவுக்கே வரக்கூடும்: தம் டிரில்லும் ஆபத்தானது என்பது ஒன்று, எச்சரிக்கை வீண் அச்சம் என்பது மற்றொன்று. பெயரின் பின் நிற்கும் 60 என்னும் எண்ணை விடுத்து எழுதும் பழக்கம் செய்தித்தமிழில் பரவலாக உள்ளது.

போரானும் பொட்டாசியமும்

தமிழ்நாட்டுப் பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியல் பாடநூல் காமா உமிழ்வை விளக்கப் போரான்-12ஐ எடுத்துக்காட்டாகக் கொள்கிறது. போரான்-12 இருவழிகளில் பீட்டாச் சிதைவுறும். ஒரு வழியில் 13.4 மெகா எலக்ட்ரான்வோல்ட் வரை ஆற்றலுள்ள எலக்ட்ரானை வெளியிட்டு நேரே கார்பன்-12இன் அடிநிலையை அடையும். மற்றொரு வழியில் 9.0 மெகா எலக்ட்ரான்வோல்ட் வரையுள்ள எலக்ட்ரானை வெளியிட்டுக் கார்பனின் கிளர்நிலையை அடைந்து, பின் 4.4 மெகா எலக்ட்ரான்வோல்ட் காமாக் கதிரை உமிழ்ந்து அடிநிலைக்கு வரும். ஆற்றல் கணக்கு நேராகிறது. கற்பித்தலுக்கு இது தூய எடுத்துக்காட்டு என்பதை மறுப்பதற்கில்லை. காமாக் கதிர் சேயிடமிருந்து வருவது என்பதையும் இப்படம் தெளிவாகக் காட்டுகிறது. முற்பகுதியில் சுட்டிய ஆகுபெயர் மயக்கம் பாடநூலில் இவ்விடத்தில் இல்லை. பாராட்டத்தக்க கூறு இது.

ஆயினும் போரான்-12இன் அரை ஆயுட்காலம் 20 மில்லி நொடி. முடுக்கியின் அருகில் அன்றி அதை யாரும் காண இயலாது. அதிலும் கிளர்நிலை வழியே செல்பவை நூற்றில் ஒன்றிரண்டே. கிளர்நிலையின் வாழ்நாள் ஏறத்தாழ நொடியின் ஆயிரம் கோடியில் ஒரு பங்கினும் குறைவு என்னும் பொதுக்கூற்றும் நூலில் உள்ளது. பேரியம்-137இன் கிளர்நிலை 2.55 நிமிட அரை ஆயுள் உடையது. மருத்துவமனைகளில் ஊசிவழிச் செலுத்தப்படும் டெக்னீசியம்-99இன் கிளர்நிலை 6 மணி நேரம் உடையது. இவை விதிவிலக்குகளே எனினும் மாணவர் பின்னாளில் எதிர்கொள்ளப் போவது இந்த விதிவிலக்குகளைத்தான்.

போரானுக்கு மாற்று தொலைவில் இல்லை. கிருஷ்ணகிரி மாவட்டத்துப் பள்ளிகள் பலவற்றின் சுவரிலும் படியிலும் பொட்டாசியம்-40 உள்ளது. அதுவும் போரானைப் போலவே இருவழி உடையது. நூற்றில் 89 பங்கு பீட்டாத் துகளை வெளியிட்டு நேரே கால்சியம்-40இன் அடிநிலைக்குச் செல்லும். ஏறத்தாழ 10.7 பங்கு தன் எலக்ட்ரான் ஒன்றை அணுக்கருவுக்குள் ஈர்த்துக்கொண்டு ஆர்கான்-40இன் கிளர்நிலையை அடைந்து, 1461 கிலோ எலக்ட்ரான்வோல்ட் காமாக் கதிரை உமிழும். அரை ஆயுட்காலம் 125 கோடி ஆண்டு. பாடநூல் விரும்பும் கிளைபிரிதல் இங்கும் உண்டு. சேயின் கதிர் என்பதும் உண்டு. கூடவே கதிரை உமிழும் பொருள் கைக்கெட்டும் தொலைவில் உண்டு.

கணக்கும் எளிது. இயற்கைப் பொட்டாசியம் ஒரு கிராமில் நொடிக்கு ஏறத்தாழ 31 சிதைவு நிகழ்கிறது. செம்மையும் ஊதாவும் கலந்த பாறைகளில் செம்மைக்குக் காரணமான பெல்ட்ஸ்பார் கனிமம் பொட்டாசியம் செறிந்தது. நூற்றுக்கு 4 பங்கு பொட்டாசியம் உடைய கல் ஒரு கிலோ எனில் அதில் 40 கிராம் பொட்டாசியம். நொடிக்கு 1240 சிதைவு, அதாவது 1240 பெக்கரல். அவற்றுள் காமாவாக வெளிவருவது நொடிக்கு ஏறத்தாழ 130. உட்கார்ந்திருக்கும் திண்ணை நொடிதோறும் இவ்வாறு உமிழ்கிறது என்று ஒரு பதினேழு வயது மாணவர் கணக்கிட்டுக் காணலாம். அச்சம் எழுமெனின் அதற்கும் விடை அருகிலேயே உண்டு: 70 கிலோ எடையுள்ள மனித உடலில் 140 கிராம் அளவு பொட்டாசியம் உள்ளது, அதே பெருக்கலைச் செய்தால் நான்காயிரத்துக்கு மேற்பட்ட பெக்கரல் வரும்.

வணிக வழக்கு ஒன்றை இங்குக் குறித்தாக வேண்டும். இவ்வட்டாரத்தில் மெருகேற்றி ஏற்றுமதியாகும் எல்லாக் கல்லும் சந்தையில் 'கிரானைட்' எனப்படும். கிருஷ்ணகிரியைச் சுற்றி வெட்டப்படும் அலையலையான 'பாரடைசோ'வும் கிரானைட். கறுப்புக் கல்லும் 'பிளாக் கிரானைட்'. கறுப்புக் கல் பெரும்பாலும் டோலரைட் என்னும் வேறினப் பாறை. அதில் பொட்டாசியம் நூற்றில் அரைப் பங்கு அளவிலேயே இருப்பது வழக்கம். மேற்கணக்கின்படி அதன் பங்கு கிலோவுக்கு ஏறத்தாழ 155 பெக்கரல். சந்தை ஒரே பெயரால் அழைக்கும் இரு கற்களைக் காமா நிறமாலை எட்டு மடங்கு வேறுபடுத்திக் காட்டும். 'கிரானைட்டின் கதிரியக்கம்' என்று பொதுப்பட எழுதும் தமிழ்த் தொடருக்கு எனவே பொருளில்லை.

அணுவும் அணுக்கருவும்

டைட்டன் நிறுவனத்தின் தனிஷ்க் நகைத் தொழிற்சாலை ஓசூரில் உள்ளது. அந்நகைக் கடைகளில் பொன்னின் மாற்றைக் காட்டும் 'காரட்மீட்டர்' தமிழ்நாட்டுக் குடும்பங்கள் பலவற்றுக்கும் பழகிய கருவி. உரைகல்லைப் போல அது பொன்னைத் தேய்ப்பதில்லை. எக்ஸ் கதிரைப் பாய்ச்சி, பொன்னணு திருப்பி உமிழும் எக்ஸ் கதிரின் ஆற்றலை அளக்கிறது. அங்கும் கிளர்தல் உண்டு, உமிழ்தல் உண்டு, ஆற்றல் கோடு உண்டு. வேறுபாடு ஒன்றே: அங்கு இறங்குவது அணுவின் எலக்ட்ரான், காமாவில் இறங்குவது அணுக்கரு.

இந்த வேறுபாட்டைத் தமிழ்ப் பொதுவழக்கு பேணவில்லை. அணுமின் நிலையம், அணுக்கழிவு, அணுக்கதிர் என எல்லாம் 'அணு' ஆகிவிட்டன. வேதியியல் முழுவதும் அணுவின் எலக்ட்ரான்களைப் பற்றியதே. அவ்வகையில் அடுப்பெரிதலும் அணு நிகழ்ச்சிதான். இதன் விளைவாகக் காமாக் கதிருக்கு வரையறை தரும் இடத்தில் 'எக்ஸ் கதிரினும் ஆற்றல் மிக்கது' என்னும் தொடர் வந்து அமர்கிறது. பொன்னின் எக்ஸ் கதிர்களுள் ஒன்று 68.8 கிலோ எலக்ட்ரான்வோல்ட் உடையது. இரும்பு-57 அணுக்கரு உமிழும் காமாக் கதிர் ஒன்றோ வெறும் 14.4 உடையது. ஆற்றல் அளவால் பிரித்தால் இவ்விரண்டும் இடம் மாறிவிடும். பிறப்பிடமே வரையறை. 'கருவில் பிறந்தது காமா' என்று ஒரு சிறு தொடர் போதும். அதற்கு 'அணுக்கரு' என்னும் சொல்லைச் சுருக்காமல் எழுதும் பொறுமை வேண்டும்.

பிழையும் பின்னணியும்

அளவீட்டியலின் மையச் சொல் தமிழில் 'பிழை' என்றே பதினோராம் வகுப்பு முதல் கற்பிக்கப்படுகிறது. எழுத்துப் பிழை, கணக்குப் பிழை, குற்றம் என்பன அச்சொல்லின் வாழும் பொருள்கள். காமா எண்ணிக்கையில் நேரும் ஏற்ற இறக்கம் யாருடைய குற்றமும் அன்று. எந்த அணுக்கரு எந்நொடியில் இறங்கும் என்பது முன்கூட்டி அறிய இயலாதது. எண்ணிக்கையின் இருபடி மூலமே அதன் இயல்பான அலைவு. 100 எண்ணினால் 10 கூடலாம் குறையலாம். 10,000 எண்ணினால் 100. முன்னது நூற்றுக்குப் பத்து, பின்னது நூற்றுக்கு ஒன்று.

மேற்கண்ட கல்லையே மீண்டும் எடுத்துக்கொள்வோம். 300 கிராம் பொடி நொடிக்கு ஏறத்தாழ 40 காமாவை உமிழும். கருவி நூற்றில் ஒன்றை மட்டும் முழுமையாகப் பிடிக்கிறது எனக் கொண்டால் நொடிக்கு 0.4. பத்து மணி நேரம் வைத்தால் 14,400 எண்ணிக்கை, அலைவு 120. ஒரு மணி நேரமே வைத்தால் 1,440, அலைவு 38. கருவியும் கல்லும் அவையே; பொறுமை மட்டும் வேறு. 'பிழை குறைந்தது' என்று எழுதினால் முதல் அளவீட்டாளர் தவறு செய்தார் என்று பொருள்படும். 'ஐயப்பாடு குறைந்தது' என்றால் நடந்தது விளங்கும். தமிழில் ஐயம் என்பது அறிவின் ஒரு நிலை, குற்றமன்று. அளவை நூல்கள் பேசும் ஐயக்காட்சி முதல் இச்சொல்லுக்குச் செம்மையான மரபும் உண்டு. 'பிழை' என்பதைக் கருவியின் உண்மையான கோளாறுக்கு ஒதுக்கிவைக்கலாம்.

பின்னணி என்னும் சொல்லும் ஆராயத்தக்கது. எல்லைக்கு அப்பால், கிருஷ்ணகிரிக்கு அணித்தான கோலார் தங்கவயலின் ஆழ்சுரங்கங்களில், தரைக்கு 2 கிலோமீட்டருக்கும் கீழே, டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தார் 1960களில் ஆய்வுக் கருவிகளை நிறுவினர். 1965இல் வளிமண்டல நியூட்ரினோவின் சுவடு அங்குப் பதிவாயிற்று. வட ஆர்க்காடு, சேலம், தருமபுரிப் பகுதிகளிலிருந்து சென்ற தமிழ்க் குடும்பங்கள் தலைமுறைகளாகத் தோண்டிய சுரங்கம் அது. 2001 பிப்ரவரி இறுதியில் மூடப்பட்டது. ஆழத்துக்குச் சென்றதன் நோக்கம் விண்ணிலிருந்து வரும் மியூவான்களைப் பாறையால் மறைப்பதே. ஆனால் அதே பாறை தன் பொட்டாசியத்தாலும் தோரியத்தாலும் காமாவை உமிழ்ந்துகொண்டே இருக்கும். ஆழம் அதைக் குறைப்பதில்லை. வானத்துப் பின்னணி வேறு, நிலத்துப் பின்னணி வேறு. முன்னதற்குப் பாறை கவசம். பின்னதற்குப் பாறையே ஊற்று. காமா அளவீட்டில் மாதிரியைச் சுற்றி ஈயக் கட்டிகளை அடுக்குவது இரண்டாவதற்காகவே. 'பின்னணிக் கதிர்வீச்சு' என்று ஒற்றைத் தொடரால் இரண்டையும் மூடும் தமிழெழுத்து, ஏன் சுரங்கம், ஏன் ஈயம் என்னும் வினாவையே எழவிடாமல் செய்கிறது.

எல்லை எண்ணின் மொழி

கட்டடக் கற்களைப் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் ஒரே வாய்பாட்டில் முடிகின்றன. ரேடியத்தின் அளவோடு தோரியத்தின் அளவை 1.43ஆலும் பொட்டாசியத்தின் அளவை 0.077ஆலும் பெருக்கிக் கூட்டினால் 'ரேடியச் சமன்' கிடைக்கும். அது கிலோவுக்கு 370 பெக்கரலுக்குக் கீழிருந்தால் கல் ஏற்புடையது. இவ்வெண் எங்கிருந்து வந்தது? அத்தகைய பொருளால் கட்டிய வீட்டுக்குள் வாழ்வோர் புறத்திலிருந்து பெறும் கதிரேற்பு ஆண்டுக்கு ஏறத்தாழ 1.5 மில்லிகிரே என்னும் அளவைத் தாண்டாதிருக்க வகுக்கப்பட்டது. வீடு முழுவதும் அக்கல்லாலேயே ஆனது என்பது அதன் எடுகோள். சமையலறை மேடைக்கு இட்ட ஒரு பலகைக்கு அவ்வெண்ணை அப்படியே பொருத்தினால் ஆபத்து மிகைப்படும். குவாரியின் குழிக்குள் நாள் முழுவதும் நிற்பவருக்கு அதைப் பொருத்துவதும் முறையன்று. அவர் நிற்குமிடத்தின் வடிவமும் நேரமும் வேறு. சொல்லப்போனால் குவாரித் தொழிலாளிக்குக் காமாவினும் மிகப் பெரிய பகை நுரையீரலில் படியும் சிலிக்காத் தூசி. கதிரைப் பற்றி மட்டும் எழுதித் தூசியைப் பற்றி எழுதாத கட்டுரை, எண்ணால் சரியாக இருந்தும் அவரிடம் உண்மையை மறைத்ததாகவே ஆகும்.

கதிரியக்கம், கதிர்வீச்சு, கதிரேற்பு என்னும் மூன்றையும் வேறுபடுத்தாமல் எழுதுவது இம்மயக்கத்தின் வேர். முதலாவது பொருளின் இயல்பு, பெக்கரலால் அளப்பது. இரண்டாவது வெளிவருவது. மூன்றாவது உடல் பெறுவது. கிரே, சீவர்ட் என்பவற்றால் அளப்பது. கூடங்குளம் பற்றிய 2011, 2012ஆம் ஆண்டுகளின் வாதங்களில் இரு தரப்புத் தமிழிலும் இவை ஒன்றுக்கொன்று மாற்றாக ஆளப்பட்டன. சொற்கள் இல்லாமையால் நேர்ந்த குறையன்று அது.

வார்ப்படத்தையும் பற்றவைப்பையும் சோதிக்கும் தொழிலில் இரிடியம்-192 அடங்கிய பேழை 'கேமரா' என்றும், உள்ளிருப்பது 'சோர்ஸ்' என்றும் வழங்குகின்றன. கலைச்சொல் அகராதிகள் 'கதிர்மூலம்' என்கின்றன. தொழிலில் ஊன்றிய சொல்லை அகராதிச் சொல்லால் பெயர்க்க முயல்வது இங்குத் தேவையற்றது. 'சோர்ஸ்' என்றே எழுதி, அதன்கீழ் அது என்ன செய்யும் என்பதைத் தமிழில் எழுதுவதே தேவை. 2010 ஏப்ரலில் தில்லி மாயாபுரிப் பழைய இரும்புச் சந்தையில் கோபால்ட்-60 அடங்கிய ஆய்வகக் கருவி உடைக்கப்பட்டு ஒரு தொழிலாளி இறந்தார். பலர் மருத்துவமனை சேர்ந்தனர். அக்கருவி பழைய இரும்பாக ஏலத்தில் விற்கப்பட்டிருந்தது. உடைத்தவர் கண்டது ஈயமும் எஃகும்; விலையுள்ள உலோகம்.

மொழி கடந்த எச்சரிக்கை ஒன்றைப் பன்னாட்டு அணுசக்தி முகமை 2007இல் வெளியிட்டது. சிவந்த முக்கோணத்துள் மேலிருந்து பாயும் கதிர்கள், மண்டையோடு, ஓடும் மனிதன். பழைய மூவிதழ்க் குறி அறிந்தவர்க்கன்றிப் பிறர்க்குப் பொருள் தராது என்று கண்டு ஆக்கப்பட்டது இது. கருவியின் உள்ளுறையில், பிரிக்க முற்படும்போது மட்டும் கண்ணில் படுமாறு பொறிக்கப்பட வேண்டும் என்பது அதன் விதி. படிப்பவர் யார், எந்நிலையில் படிப்பார், படித்தபின் என்ன செய்ய வேண்டும் என்னும் மூன்றையும் எண்ணி ஆக்கிய பனுவல் என்று அதைச் சொல்லலாம். ஓடும் மனிதனுக்கு அருகில் தமிழிலும் கன்னடத்திலும் தெலுங்கிலும் இந்தியிலும் ஒரு வரி எழுதுவதாயின் அவ்வரி 'கோபால்ட் கதிரியக்க மூலம்' என்று அமையுமா, 'தொடாதே, பிரிக்காதே, விலகிப் போய்ச் சொல்' என்று அமையுமா என்பதை ஓசூர்ப் பழைய இரும்புக் கடையின் வாசலில் நின்று முடிவு செய்ய வேண்டும்.